சிக்காகோ நகரத்துப் பண்டகசாலை: ஒரு கட்டடத்தின் வரலாறும் அமைப்பும்

சிக்காகோ என்னும் நகரப் பெயர் நம்மவர் செவிக்குப் புதியதன்று. 1893ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அந்நகரிற் கூடிய சருவ சமயப் பேரவையில் சுவாமி விவேகானந்தர் ஆற்றிய உரையையும், 1897ஆம் ஆண்டு சனவரியில் அவர் யாழ்ப்பாணம் போந்து இந்துக் கல்லூரியிற் பேசியதையும் அறியாத மாணவர் நம்மிடையே இலர். ஆயின், அப்பேரவை கூடிய கட்டடம் யாது, அதனை அமைத்தோர் யாவர் என்று வினவுவோர் சிலரே. மிச்சிகன் பெருவீதியில், அடம்ஸ் வீதி வந்து முடியுமிடத்தில் அக்கட்டடம் இன்றும் நிற்கின்றது. சிக்காகோ கலைக் கழகம் என்பது அதன் பெயர். அதனை அமைத்தோர் செப்லி, றூட்டன், கூலிட்ஜ் என்னும் மூவர். அம்மூவரும் தம் ஆசிரியர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற வேலைகளை முடித்துக் கொடுத்துப் பெயர் பெற்றவர்கள்.

அவ்வாறு அவர்கள் முடித்துக் கொடுத்த வேலைகளுள் ஒன்று, அதே அடம்ஸ் வீதியில், கலைக் கழகத்திலிருந்து அரை மைலுக்குங் குறைந்த தூரத்தில் நின்றது. அது கோயிலுமன்று, அரண்மனையுமன்று, ஒரு பண்டகசாலை. யாழ்ப்பாணத்து வழக்கிற் கூறின், ஒரு பெருங் கிட்டங்கி. விவேகானந்தர் சிக்காகோ வந்தபோது அது திறக்கப்பெற்று ஆறாண்டுகளே ஆகியிருந்தன. 1930ஆம் ஆண்டில் அது இடிக்கப்பட்டது. இடிக்கப்பட்டு ஒன்பது தசாப்தங்களுக்கு மேலாகியும், நவீன கட்டடக்கலை வரலாற்றை எழுதுவோர் அதனைக் குறியாது செல்லுதல் அரிது. சரக்கு வைக்கும் ஓரிடத்துக்கு இத்துணைச் சிறப்பு எவ்வாறு எய்தியது என்பதும், அச்சிறப்பு அதனைக் காவாது விட்டதற்குக் காரணம் யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

நகரமும் வணிகரும்

1871ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 8ஆந் திகதி இரவு சிக்காகோவில் மூண்ட தீ, 10ஆந் திகதி வரை எரிந்தது. ஏறத்தாழ முந்நூறு உயிர்கள் மாண்டன. ஓரிலட்சம் மக்கள் வீடிழந்தனர். நகரின் வணிகப் பகுதி முழுவதும் சாம்பராயிற்று. அத்தீயில் அழிந்தவற்றுள் ஒன்று, ஸ்டேற் வீதியில் வெண்சலவைக்கல் முகப்போடு விளங்கிய பீல்ட், லைற்றர் என்போரின் துணிக்கடை. அக்கடையின் பங்காளருள் ஒருவரான மாஷல் பீல்ட், மசச்சூசெற்ஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்து, 1856ஆம் ஆண்டிற் சிக்காகோவுக்கு வந்து, கடைச் சிப்பந்தியாகத் தொழில் தொடங்கியவர். 1881ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அவர் பெயரையே தாங்கலாயிற்று.

தீக்குப் பின் பீல்ட் நிறுவனத்தார் தம் வாணிகத்தை இரண்டாகப் பகுத்தனர். ஒன்று சில்லறை வாணிகம். மற்றையது மொத்த வாணிகம். நகரத்துப் பெருமாட்டிகள் வந்து பட்டும் கையுறையும் வாங்கிய சில்லறைக் கடையே பலர் வாயிலும் பேசப்பட்டது. ஆயினும் அக்காலத்தில் நிறுவனத்தின் விற்பனையிற் பெரும்பகுதி மொத்த வாணிகத்தினின்றே வந்தது. இஃது ஏனெனில், அமெரிக்காவின் இருப்புப் பாதைகள் பல சிக்காகோவில் வந்து கூடின. மேற்கிலும் வடமேற்கிலும் புதிதாகத் தோன்றிய சிற்றூர்கள்தோறும் ஒரு கடை இருந்தது. அக்கடைக்காரர் புகைவண்டி ஏறிச் சிக்காகோவுக்கு வந்து, துணி, நூல், கம்பளம், பொத்தான் முதலியவற்றை மாதிரி பார்த்துக் கொள்முதல் செய்து மீண்டனர். பொருள்கள் பின்னர்ப் புகைவண்டியில் அவர்களைத் தொடர்ந்து சென்றன.

ஆகவே, மொத்த வாணிகப் பண்டகசாலை என்பது பொருளைப் பூட்டி வைக்கும் இருட்டறை மாத்திரமன்று என்பதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். அதற்கு மூன்று கடமைகள் இருந்தன. பெருந்தொகையான பாரத்தைத் தாங்குதல் ஒன்று. துணியின் நிறத்தையும் இழையையும் வாங்குவோர் கண்டறியுமாறு பகல் வெளிச்சத்தை உள்ளே விடுதல் மற்றொன்று. கடனுக்குப் பொருள் கொடுத்து வாங்கும் தொழிலாதலின், நிறுவனம் நிலையானது, நம்பத்தக்கது என்னும் எண்ணத்தைத் தொலைவிலிருந்து வரும் கடைக்காரர் மனத்திற் பதியவைத்தல் மூன்றாவது. 1871ஆம் ஆண்டின் தீயைக் கண்டவர்களுக்கு, கட்டடம் தீயை எதிர்த்து நிற்றலும் இன்றியமையாததாயிற்று. இவையனைத்தையும் ஒருங்கு நிறைவேற்றும் பொறுப்பினைப் பீல்ட் 1885ஆம் ஆண்டில் ஒருவரிடம் ஒப்படைத்தார்.

கட்டடக் கலைஞர்

அவர் பெயர் ஹென்றி ஹொப்சன் றிச்சட்சன். 1838ஆம் ஆண்டு லூயிசியானா மாநிலத்திற் பிறந்து, ஹாவட் பல்கலைக்கழகத்திற் கற்றபின், பாரிஸ் நகரத்து நுண்கலைக் கல்லூரியிற் கட்டடக்கலை பயின்றார். அக்கல்லூரியில் இக்கலை பயின்ற அமெரிக்கருள் அவர் இரண்டாமவர். பொஸ்டன் நகரத்துத் திரித்துவ தேவாலயம் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. பழைய உரோமானியரின் வளைவுகளையும், அவர்க்குப் பின் பிரான்சிலும் ஸ்பானியாவிலும் எழுந்த மடாலயங்களின் கனத்த சுவர்களையும் அவர் பெரிதும் விரும்பினார். 1882ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்கு மீண்டுஞ் சென்று அவற்றை நேரிற் கண்டும் வந்தார்.

பழைய முறையைத் தழுவிய கட்டடக் கலைஞர் அக்காலத்திற் பலர் இருந்தனர். அவருட் பெரும்பாலோர் பழைய கட்டடங்களின் அணிகளை எடுத்துப் புதிய சுவரில் ஒட்டினர். தூணின் தலையிலும் கூரையின் விளிம்பிலும் இலையும் பூவும் செதுக்கி, கட்டடம் அழகு பெற்றதென மகிழ்ந்தனர். றிச்சட்சனோ பழைய கட்டடங்களின் அளவினையும் திண்மையையும் கற்றுக்கொண்டு, அணிகளைப் படிப்படியாகக் கைவிட்டார். அவ்வாறு கைவிட்ட நெறியின் முடிவு நிலையே இப்பண்டகசாலை எனலாம்.

அதன் நிறைவை அவர் காணக் கொடுத்துவைக்கவில்லை. நெடுநாளாகச் சிறுநீரக நோயால் வருந்திய அவர், 1886ஆம் ஆண்டு ஏப்பிரில் 27ஆந் திகதி தமது நாற்பத்தேழாம் வயதிற் காலமானார். பிற்ஸ்பேர்க் நகரத்து நீதிமன்றக் கட்டடமும் சிக்காகோப் பண்டகசாலையும் முடியும்வரை உயிர்வாழ வேண்டுமென்பதே அவர்தம் இறுதிநாள் விருப்பமாயிருந்தது. மேலே கூறிய மூவரும் வேலையைத் தொடர, 1887ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பண்டகசாலை திறக்கப்பட்டது.

கட்டடத்தின் அமைப்பு

அடம்ஸ், குயின்சி, வெல்ஸ், பிராங்கிளின் என்னும் நான்கு வீதிகளுக்கு இடைப்பட்ட நிலம் முழுவதையும் இக்கட்டடம் தனக்கு உரிமையாக்கிக் கொண்டது. நீளம் 325 அடி. அகலம் 190 அடி. உயரம் ஏழு மாடி. கூம்பும் கோபுரமும் இதற்கில்லை. தூரத்தே நின்று நோக்குவோர்க்கு ஒரே கற்பாறையை வெட்டி நிறுத்தினாற் போன்ற தோற்றம் ஒன்றே புலப்படும்.

கீழ்ப்பகுதி மிசூரி மாநிலத்துச் செந்நிறக் கருங்கல்லாலும், மேற்பகுதி மசச்சூசெற்சிலிருந்து வந்த செம்மணற்கல்லாலும் அமைந்தன. கல்லின் முகம் மழமழப்பாகத் தீட்டப்படாமல், உளியாற் பிளந்தவாறே கரடுமுரடாக விடப்பட்டது. வெயில் படுங்கால் அம்முரட்டு முகத்தில் நிழல்கள் விழுந்து, செதுக்கு வேலை செய்யவேண்டிய அலங்காரத்தைத் தாமே செய்தன.

இனி, முகப்பின் ஒழுங்கினை நோக்குவாம். நிலத்தை ஒட்டிய மாடி, அகன்று தாழ்ந்த சாளரங்களோடு, கட்டடம் முழுவதுக்கும் பீடமாய் அமைந்தது. அதன் மேல் இரண்டாம், மூன்றாம், நான்காம் மாடிகள் மூன்றையும் ஒருங்கே தழுவிப் பெரிய அரைவட்ட வளைவுகள் வரிசையாக எழுந்தன. அவற்றின் மேல் ஐந்தாம், ஆறாம் மாடிகளைத் தழுவிச் சிறிய வளைவுகள் நின்றன. கீழே ஒரு வளைவு உள்ளவிடத்து மேலே இரண்டு. ஏழாம் மாடியில் வளைவு இல்லை. கீழே ஒரு பெருவளைவு உள்ளவிடத்து நான்கு நாற்சதுரச் சாளரங்கள் இருந்தன. ஒன்று, இரண்டு, நான்கு என இவ்வாறு எண்ணிக்கை மேலே செல்லச் செல்லப் பெருகிற்று. வாயில்களின் அளவு குறைந்தது. முடிவில் முழு நீளத்துக்கும் ஓடிய ஒரு கனத்த கல் விளிம்பு, கட்டடத்தை மேற்புறத்தில் வரம்பிட்டு நிறுத்தியது.

இவ்வொழுங்கினால் விளைந்த பயன் இரண்டு. ஏழு மாடிகளையும் தனித்தனியே காட்டியிருப்பின், முகப்பு ஏழு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போலத் தோன்றியிருக்கும். மூன்று மாடிகளை ஒரு வளைவின்கீழ் அடக்கியமையால், கண் அவற்றை ஒன்றாகவே பற்றியது. பெருங்கட்டடம் எளிதில் உள்ளங்கொள்ளத்தக்கதாயிற்று. பழைய உரோமானியர் நீர் கொண்டுசெல்ல எடுத்த பாலங்களில், பெருவளைவின் மேல் சிறுவளைவு வரிசை நிற்றலைக் கண்டோர் இம்முறையின் மூலத்தை உணர்வர். இரண்டாவதாக, வளைவின்கீழ் உள்ள வெளி முழுவதும் கண்ணாடியாயிற்று. ஆகவே, கனத்த சுவருடைய கட்டடமாயிருந்தும், துணி பார்க்க வேண்டிய வெளிச்சத்துக்குக் குறைவு நேரவில்லை. அழகு தந்த வளைவே பயனையும் தந்தது.

சுவரும் சட்டகமும்

இக்கட்டடத்தின் புறச்சுவர்கள் தாங்குசுவர்கள். அஃதாவது, தம் பாரத்தையும், தம்மேல் வந்து சாரும் தளங்களின் பாரத்தையும் தாமே சுமந்து நிலத்துக்கு இறக்குவன. உள்ளே இரும்புத் தூண்களும் பருத்த மரத்தூண்களும் உத்தரங்களும் தளங்களைத் தாங்கின. இடையிடையே குறுக்காக எழுப்பப்பட்ட செங்கற் சுவர்கள், ஒரு பகுதியிற் பற்றிய தீ மறுபகுதிக்குப் பரவாவண்ணம் தடுக்க அமைந்தன. பருத்த மரம் தீயில் எளிதில் வீழ்வதன்று. அதன் புறத்தோல் கருகிக் கரியாகி உள்மரத்தைச் சிறிது நேரம் காக்கும். மூடப்படாத வார்ப்பிரும்போ வெப்பத்தில் விரிந்து, நீர் பட்டவுடன் வெடிக்கும். தீயணைப்போர் வரும்வரை கட்டடம் நிற்றல் வேண்டுமென்னும் எண்ணம் அக்காலப் பண்டகசாலைகள் பலவற்றின் அமைப்பிற் காணப்படுவதாகும்.

ஆயின், தாங்குசுவர் முறைக்கு ஒரு வரம்பு உண்டு. மாடிகள் கூடக்கூடக் கீழ்ச்சுவர் தடித்தல் வேண்டும். சிக்காகோவில் 1891ஆம் ஆண்டில் முடிவுற்ற மொனட்நொக் கட்டடத்தின் பதினாறு மாடித் தாங்குசுவர், அடியில் ஆறடி தடிப்புடையது. வாடகைக்குப் பயன்படும் நிலத்தைச் சுவரே விழுங்கிவிடும்; அன்றியும், நகரின் அடியிலுள்ள மென்களிமண் அப்பாரத்தால் அமிழும்.

இவ்விடர்ப்பாட்டுக்கு விடை அதே அடம்ஸ் வீதியிலேயே தோன்றியது. பண்டகசாலையிலிருந்து சிறிது கிழக்கே, லசால் வீதிச் சந்தியில், வில்லியம் லெ பரன் ஜென்னி என்பவர் அமைத்த ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் 1885ஆம் ஆண்டிற் பத்து மாடியோடு எழுந்தது. அதிற் பாரத்தின் பெரும்பகுதியை இரும்பும் உருக்கும் சேர்ந்த சட்டகம் சுமந்தது. எலும்புக்கூட்டின்மேல் தோல் போர்த்தது போலச் சுவர் அமையலாம் என்னும் கருத்து அதனாற் பரவிற்று. இன்றைய வானளாவிகள் யாவும் அவ்வழியில் வந்தவை.

எனவே, ஒரே வீதியில், இரண்டாண்டு இடைவெளியில், ஒரு முறையின் தொடக்கமும் மற்றொரு முறையின் நிறைவும் நிகழ்ந்தன எனல் தகும். பொறியியல் நோக்கிற் பார்த்தால் றிச்சட்சனின் கட்டடம் பழையது. தோற்றத்தை நோக்கினாலோ, ஜென்னியின் கட்டடம் பல அணிகளை அடுக்கித் தடுமாறி நின்றது; றிச்சட்சனின் கட்டடமே தெளிவுற்று நின்றது. புதிய சட்டகத்துக்கு ஏற்ற தோற்றம் யாதென ஆராய்ந்தோர் இரண்டிடத்தும் பாடங் கேட்டனர்.

அவ்வாறு கேட்டோருள் தலையாயவர் லூயி சலிவன். அவரும் அட்லரும் சேர்ந்து 1889ஆம் ஆண்டில் முடித்த ஓடிற்றோரியம் என்னும் பேரரங்கின் புறத்தோற்றம், பீல்டின் பண்டகசாலையைக் கண்டபின் மாற்றியமைக்கப்பட்டதாகும். அங்கும் பல மாடிகளைத் தழுவிய வளைவுகளையும், அணி குறைந்த கற்சுவரையும் காணலாம். பின்னர்ச் சலிவன் எழுதிய கட்டடக்கலை உரையாடல்களில், இப்பண்டகசாலையை ஓர் ஆண்மகனுக்கு ஒப்பிட்டுப் புகழ்ந்தார். பெரிய கட்டடம் ஒன்றின் பகுதிகள் யாவும் ஒரே கருத்துக்கு அடங்கி நிற்கவேண்டும் என்பதை அவர் அதனிடமிருந்து கற்றார். பின் தம் உருக்குச் சட்டகக் கட்டடங்களில் அதனை மேற்கொண்டார்.

அழிவும் அதன் காரணமும்

மாஷல் பீல்ட் 1906ஆம் ஆண்டிற் காலமானார். கட்டடம் உறுதியாகவே நின்றது; சுவரில் வெடிப்போ அடித்தளத்திற் பழுதோ அதன் அழிவுக்குக் காரணமாகவில்லை. மாறியது வாணிகம். தபால்மூலம் பொருள் விற்கும் நிறுவனங்கள் சிற்றூர் மக்களுக்கு நேரே பொருளை அனுப்பின. மோட்டார் வண்டியும் நல்ல வீதியும் வந்தபின், சிற்றூரார் அயல் நகரத்துக்குச் சென்று வாங்கினர். பல கிளைகளையுடைய கடைகள், இடைநின்ற மொத்த வணிகரை விலக்கி, ஆலையிலிருந்தே கொள்முதல் செய்தன. சிற்றூர்க் கடைக்காரர் தளர, அவரை நம்பிய மொத்த வாணிகமும் தளர்ந்தது.

இத்தளர்ச்சியை வெல்லக் கருதிய நிறுவனத்தார், சிதறிக்கிடந்த மொத்த வாணிகத்தை ஓரிடத்திற் சேர்க்க எண்ணி, சிக்காகோ ஆற்றங்கரையில் மேர்ச்சண்டைஸ் மாட் என்னும் பெருங்கட்டடத்தை எழுப்பினர். அது 1930ஆம் ஆண்டு மே மாதத்தில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 40 இலட்சம் சதுர அடித் தளப்பரப்புடைய அது, அக்காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய கட்டடமாயிருந்தது. பழைய பண்டகசாலை வெறுமையாயிற்று, அவ்வாண்டிலேயே இடிக்கப்பட்டது. றிச்சட்சனின் வளைவுகள் நின்ற நிலம் மோட்டார் வண்டிகளை நிறுத்தும் வெளியாயிற்று.

புதிய கட்டடமும் கருதிய பயனைத் தரவில்லை. 1929ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்துகொள்ள, பத்தாண்டு முடியுமுன்னரே நிறுவனத்தார் தம் மொத்த வாணிகத்தைக் கலைத்தனர். 1945ஆம் ஆண்டில் மேர்ச்சண்டைஸ் மாட்டும் கைமாறிற்று. அதனை வாங்கியவர், பின்னாளில் அமெரிக்க சனாதிபதியான ஜோன் கெனடியின் தந்தையார். எந்த வாணிகத்தின் பொருட்டுப் பண்டகசாலை இடிக்கப்பட்டதோ அவ்வாணிகம் அதன்பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை.

காலந்தாழ்ந்த அறிவு

இடித்தவர்களைக் கொடியோரென்று பழித்தல் எளிது. ஆயின் நியாயமான ஒரு வினாவை நாம் கேட்டல் வேண்டும்: அக்கட்டடத்தின் பெறுமதியை அன்று அறிந்திருந்தோர் எத்துணைப்பேர்? கட்டடக் கலைஞர் சிலர் அறிந்திருந்தனர். பொதுமக்களுக்கு எடுத்துரைப்பார் இலர். றிச்சட்சனைப்பற்றி விரிவான நவீன ஆராய்ச்சி நூலை ஹென்றி றசல் ஹிச்கொக் வெளியிட்டது 1936ஆம் ஆண்டில். நியூயோர்க் நவீன கலை அரும்பொருட்சாலை அவர் வேலைகளைக் காட்சிக்கு வைத்ததும் அவ்வாண்டிலேயே. இரண்டும் இடிப்புக்கு ஆறாண்டு பிந்தியவை. 1931ஆம் ஆண்டில் ஹோம் இன்சூரன்ஸ் கட்டடமும் இடிக்கப்பட்டது. பழைய முறையின் நிறைவும் புதிய முறையின் தொடக்கமும், ஓராண்டு இடைவெளியில், அடம்ஸ் வீதியை விட்டு மறைந்தன.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. அதே நகரில், அதே றிச்சட்சன் வரைந்து, அதே 1887ஆம் ஆண்டில் முடிவுற்ற கிலெஸ்னர் இல்லம் இன்றும் நிற்கின்றது. அதுவும் இடிபடும் நிலைக்கு வந்ததே. 1966ஆம் ஆண்டில் கட்டடக் கலைஞரும் ஆர்வலரும் ஒன்றுகூடிப் பணம் சேர்த்து அதனை வாங்கிக் காத்தனர். அவ்வாண்டிலேயே வரலாற்றுச் சின்னங்களைப் பேணும் சட்டம் அமெரிக்க மத்திய அரசினால் ஆக்கப்பட்டது. இரு கட்டடங்களையும் ஒருவரே அமைத்தார். கல்லும் ஒத்த தன்மையதே. வேறுபட்டது, ஆபத்து வந்த காலத்தில் அவற்றின் பெறுமதி அறிந்தோர் தொகையே.

சட்டம் மாத்திரம் போதாது என்பதற்கும் சிக்காகோவே சான்று. அட்லரும் சலிவனும் 1894ஆம் ஆண்டில் முடித்த பங்குச் சந்தைக் கட்டடம் 1972ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. இடிபடும் கட்டடங்களைப் படமெடுத்தும் அவற்றின் அணிகளைச் சேகரித்தும் வந்த றிச்சட் நிக்கல் என்பவர், அதனுள்ளே சென்றபோது தளம் இடிந்து வீழ்ந்து உயிர் நீத்தார். அக்கட்டடத்தின் நுழைவாயில் வளைவு இப்பொழுது, விவேகானந்தர் பேசிய கலைக் கழகத்தின் வளவில் தனியே நிறுத்தப்பட்டுள்ளது.

முடிவுரை

கோயிலுக்கு அடியார் உளர். அரண்மனைக்கு அரசர் புகழ் உண்டு. கல்லூரிக்குப் பழைய மாணவர் இருப்பர். பண்டகசாலைக்கோ, உள்ளிருக்கும் சரக்கையன்றி உறவில்லை. சரக்கு நீங்கிய அன்றே அது பயனற்ற நிலமாக எண்ணப்படும். ஆயினும் ஒரு நகரத்தார் எதனை விற்று வாழ்ந்தனர், எங்கிருந்து பொருள் பெற்றனர், தீக்கும் பாரத்துக்கும் எவ்வாறு ஈடு கொடுத்தனர் என்பனவற்றைக் கோயிலும் அரண்மனையும் நமக்குக் கூறமாட்டா, பண்டகசாலையே கூறும்.

றிச்சட்சனின் கட்டடம் மறைந்தும் நாம் இன்று அதனைப்பற்றி இத்துணை விரிவாக அறியக் கூடியதாயிருத்தல், வரைபடங்களும் ஒளிப்படங்களும் எஞ்சியமையாலேயே ஆகும். எல்லாக் கட்டடங்களையும் காத்தல் எவர்க்கும் இயலாது; காத்தலும் வேண்டாம். ஆனால் எதைக் காப்பது, எதை விடுவது என்று துணிதற்கு முன்னர், அது யாதென அறிதல் வேண்டும். வரலாறு கற்கும் மாணவர், தம் ஊரில் அழியும் நிலையிலுள்ள பழைய கட்டடம் ஒன்றைத் தெரிந்து, அதன் நீள அகலங்களை அளந்து, சுவரும் கூரையும் எவற்றால் ஆயவை என்று குறித்து, அங்கு தொழில் செய்த முதியோரிடம் கேட்டறிந்தவற்றை எழுதி வைப்பாராயின், அது சிறந்ததோர் ஆராய்ச்சிப் பயிற்சியாகும். அளவுநாடாவும் குறிப்புப் புத்தகமும் இதற்குப் போதும். ஆனால் கட்டடம் நிற்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும்.